யோகா பயிற்சி ஒரே இடத்தில் நின்றுவிட்டதா? உங்கள் தடையைக் கண்டுபிடித்துத் தாண்ட ஒரு முழுமையான வழிகாட்டி

பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்தபோது என் வலது முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போது எனக்கு 34 வயது. மூன்று வருடம் விடாமல் செய்தும் முழங்கால் தரையைத் தொடவில்லையே என்ற ஏக்கத்தில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பயிற்சியாளர் பின்னால் வந்து, "மூச்சை விடுங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தொடைகளையும் கீழே அழுத்தினார். அடுத்த நான்கு மாதம் வாசலில் குந்திக் கோலம் போட என்னால் முடியவில்லை. பேருந்துப் படியில் ஏறும்போதெல்லாம் இடது காலைத்தான் முதலில் வைத்தேன்.

பிசியோதெரபிஸ்ட் என் காலைப் பல பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. தடை முழங்காலில் இல்லவே இல்லை. இடுப்பு மூட்டு வெளிப்பக்கமாகச் சுழலும் அளவு எனக்கு இயல்பிலேயே குறைவு. அது சுழலாமல் விட்ட மிச்சத்தை முழங்கால் சுமந்துகொண்டிருந்தது. நானோ முயற்சி போதவில்லை என்று நினைத்து, மூன்று வருடமாக இன்னும் இன்னும் மடக்கிக்கொண்டிருந்தேன்.

காலை வகுப்பு நடத்தத் தொடங்கி 12 வருடமாகிறது. பயிற்சி நின்றுபோன ஒவ்வொருவரிடமும் இதையே வேறு வேறு உருவத்தில் பார்க்கிறேன். தடை ஒன்று, அவர்கள் சாப்பிடும் மருந்து வேறொன்று. உண்மையிலேயே களைத்துப்போனவர் தன்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறார். சோம்பல் பிடித்தவர் "உடம்பு சொல்றதைக் கேட்கணும்" என்று படுத்துவிடுகிறார். சோம்பலுக்கான மருந்தை வலிக்குக் கொடுத்தால் மூட்டு போகும், வலிக்கான மருந்தைச் சோம்பலுக்குக் கொடுத்தால் பயிற்சி போகும். ஆறு மாதமாவது செய்துவிட்டு எங்கோ சிக்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தடைக்குப் பெயர் வையுங்கள்

பதஞ்சலியின் யோக சூத்திரம், முதல் பாதத்தின் (அத்தியாயத்தின்) 30-ஆவது சூத்திரத்தில் ஒன்பது தடைகளை வரிசையாகச் சொல்கிறது: நோய், மனம் மந்தித்துப்போதல், ஐயம், அசட்டை, சோம்பல், புலன் இன்பத்தை விட மனமில்லாமை, ஒன்றை வேறொன்றாகக் காணும் மயக்கம், அடுத்த நிலையை எட்ட முடியாமை, எட்டிய நிலையில் நிற்க முடியாமை.

இந்த வரிசையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதலில் வருவது நோய். சோம்பல் ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது. நாம் யாரைப் பார்த்தாலும் சோம்பலில் இருந்துதானே ஆரம்பிக்கிறோம்? கடைசி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருப்பதும் அழகு. சிரசாசனம் இன்னும் வராதவருக்கு வேண்டியது ஒன்று, போன மாதம் வந்தது இந்த மாதம் வராதவருக்கு வேண்டியது இன்னொன்று.

அடுத்த சூத்திரம், தடை இருக்கும் இடத்தில் கூடவே வருபவை என்று நான்கைச் சொல்கிறது: துயரம், மனக்கசப்பு, உடல் நடுக்கம், சீர்கெட்ட மூச்சு. பாயில் இருக்கும்போது இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அந்த நான்கில் மூச்சுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். ஆசனத்தில் இருக்கும்போது மூக்கு வழியாகச் சீராக மூச்சு விட முடியாமல் வாய் திறந்துகொண்டாலோ, மூச்சு அடைபட்டாலோ, அந்தக் கணத்திலேயே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

இப்போது ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்குப் பயிற்சியில் எதையும் மாற்றாதீர்கள். தினமும் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினேன், எவ்வளவு நேரம் செய்தேன், எந்த இடத்தில் நிறுத்தினேன், நிறுத்தியபோது மூச்சு எப்படி இருந்தது. செய்யாத நாளிலும் தேதி போட்டுக் காரணத்தை எழுத வேண்டும். "நேரமில்லை" என்று எழுதாதீர்கள். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதை எழுதுங்கள். மாவு அரைத்தேன், போன் பார்த்தேன், இரவு ஒரு மணிக்குத்தான் படுத்தேன்.

பதினைந்தாம் நாள் நோட்டைப் புரட்டினால் ஒன்பதில் இரண்டோ மூன்றோதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். என் வகுப்பில் ஒரு அக்கா, தன் தடை சோம்பல் என்று வருடக்கணக்கில் நம்பியிருந்தார். நோட்டைப் பார்த்தால், செய்யாமல் விட்ட நாள் அத்தனையும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும் அதன்போதும் விழுந்திருந்தன. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது மருத்துவரும் இரும்புச் சத்தும்.

படி 2: சோம்பலா, சோர்வா?

இதற்குப் பத்து நிமிடம் போதும். செய்யப் பிடிக்காத நாளில் பாயை விரித்து மல்லாந்து படுங்கள். கால்களை நாற்காலி மேல் வைத்து மூன்று நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். பிறகு முழங்கால்களை மார்போடு அணைத்து மெதுவாக ஆட்டுங்கள். எழுந்து கை, முழங்கால் ஊன்றி, மூச்சோடு சேர்த்து முதுகை ஏழெட்டு முறை வளைத்து நிமிர்த்துங்கள். கடைசியாகத் தாடாசனத்தில், அதாவது நேராக நிமிர்ந்து நின்று, கையை ஐந்து முறை தூக்கி இறக்குங்கள்.

முடிந்ததும் உடம்பு இளகி, இன்னும் கொஞ்சம் செய்யலாம் போலிருந்தால் வந்திருந்தது சோம்பல். அன்றைய பயிற்சியை வழக்கம்போல் செய்யுங்கள். தொடங்கியதைவிடக் களைப்பாகவோ, தலை பாரமாகவோ, எரிச்சலாகவோ இருந்தால் அது சோர்வு. அந்தப் பத்து நிமிடமே அன்றைய பயிற்சி. நோட்டில் அதை முழுநாளாகவே எழுதிக்கொள்ளலாம். வாரத்தில் நான்கு நாள் சோர்வு என்றே வந்தால் தூக்கத்தைப் பாருங்கள், தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பாயில் அதற்குத் தீர்வு தேடாதீர்கள்.

படி 3: வலியைப் பிரித்தறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

தசையின் நடுவில், பரவலாக, மந்தமாக இழுக்கும் உணர்வு பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. புது ஆசனம் செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு நாளில் தானே அடங்கும் தசைவலியும் அப்படித்தான். மூட்டுக்குள் ஒரு புள்ளியில் குத்தும் வலி, மின்சாரம் போல் காலிலோ கையிலோ ஓடும் வலி, மரத்துப்போதல், ஆசனத்தை விட்டு வெளியே வந்த பிறகும் கூடுகிற வலி, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

பத்மாசனத்துக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலின் கணுக்காலை மறு தொடையின் மேல் வையுங்கள். கெண்டைக்கால் கிட்டத்தட்டத் தரைக்கு இணையாகப் படுகிறதா, முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பு மூட்டு இன்னும் திறக்கவில்லை. அடுத்து, எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். புட்டத்தின் வெளிப்பக்கம் இழுத்தால் அது தசை, மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தால் இளகும். முன்பக்கத் தொடையிடுக்கில் கிள்ளுவது போலிருந்தால் உள்ளே எலும்போடு எலும்பு முட்டிக்கொண்டிருக்கலாம். தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, இடுப்புக்குழி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை வருடம் நீட்டினாலும் எலும்பு நீளாது. அவர்களுக்குச் சுகாசனம், அதாவது சாதாரணச் சம்மணம், போதும். போர்வையை நான்காக மடித்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும் உயரத்தில் அதன் மேல் உட்காருங்கள். தியானத்துக்கு அதுவே நிறைவான இருக்கை. 'ஸ்திரமாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம்' என்றுதான் சூத்திரமும் சொல்கிறது, கால் எந்தத் தொடை மேல் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

நெடுநாள் செய்பவர்களுக்கு வரும் இன்னொரு வலி, உட்காரும் எலும்பின் அடியில் வருவது. நாற்காலியிலோ வண்டியிலோ வெகுநேரம் உட்கார்ந்தால் ஒரு புட்டத்தின் அடியில் மட்டும் வலிக்கும். பின்தொடைத் தசைநார் எலும்போடு சேரும் இடம் அது. முன்னால் குனியும் ஆசனங்களைத் தினமும் அளவுக்கு மீறிச் செய்பவர்களுக்கு அங்கே நைந்துபோகும். வலிக்கிறதே என்று அதையே இன்னும் நீட்டுவார்கள், அதுதான் தவறு. நீட்டுவதைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிட்டு, சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது) போன்ற வலுவூட்டும் ஆசனங்களைச் செய்ய வேண்டும். தசையைவிடத் தசைநார் மெதுவாகத்தான் தேறும், மாதக்கணக்கில் ஆகும்.

சிலவற்றைக் கேள்வி கேட்காமல் தவிர்க்க வேண்டும். கண்ணழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் உட்பட எந்தத் தலைகீழ் ஆசனமும் செய்யக்கூடாது. அந்த நிலையில் கண்ணின் அழுத்தம் ஏறும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் கழுத்து எலும்புத் தேய்மானமும் உள்ளவர்களுக்கும் அப்படியே. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகை வளைத்து ஆழமாக முன்குனியும் ஆசனங்களை விட்டுவிடுங்கள், முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி) செய்யக்கூடாது.

யாராவது பின்னால் வந்து அழுத்த வந்தால் "வேண்டாம் சார், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை நான்கு மாதம்.

படி 4: நேரத்தோடு சமாதானம்

"காலை நாலரைக்கு எழுந்தாத்தானே மேடம் யோகா?" என்று கேட்டு, அந்த நேரத்துக்கு எழ முடியாததால் மொத்தமாகவே விட்டவர்கள் ஏராளம். ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் யோகத்தைக் கெடுக்கும் ஆறு என்று ஒரு பட்டியல் தருகிறது: மிகையான உணவு, மிகையான உழைப்பு, வீண்பேச்சு, நியமாக்ரஹம், ஆட்களோடு மிகையான கலப்பு, நிலையில்லாத மனம். இதில் நியமாக்ரஹம் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒரு விதமாகப் பிரித்தால் நியமத்தைப் பிடிக்காமல் விடுவது. இன்னொரு விதமாகப் பிரித்தால் நியமத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்வது. இரண்டும் தடைதான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வயிறு காலியாக இருக்க வேண்டும், முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் நேரத்தைப் பற்றிய கட்டாயம். டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் இன்னும் சாப்பிடாத அந்த இடைவெளியில் செய்யலாம். வேலைக்குப் போகிறவர்கள் மாலை ஆறரைக்குச் செய்யலாம், காலையைவிட அப்போது உடம்பு இளகியே இருக்கும். ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் பின்னால் பயிற்சியைக் கட்டிவிடுங்கள். பால் காய்ச்சி இறக்கியதும், குளித்ததும், வண்டியை நிறுத்திச் சாவியை மாட்டியதும். பாயைச் சுருட்டி அலமாரியில் வைக்காமல் கண்ணில் படும் இடத்தில் சாய்த்து வையுங்கள்.

தினமும் 15 நிமிடம், ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் என்று தொடங்கிப் பதினோராவது நாள் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு என்று பயிற்சிக்குப் பதஞ்சலி வைத்த மூன்று நிபந்தனைகளில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை.

படி 5: யாரோடு ஒப்பிடுகிறீர்கள்?

இன்று நாம் 'அட்வான்ஸ்' என்று பார்த்து மலைக்கும் துள்ளல் நிறைந்த வரிசைகளில் பல, 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த முறையிலிருந்து வளர்ந்தவை. அங்கே அவரிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள், இளைஞர்கள். அதே ஆசிரியர் பிற்காலத்தில் சென்னையில், நோயாளிகளுக்கும் நடுத்தர வயதினருக்கும் ஒருவர் ஒருவராக, அவரவர் உடம்புக்கு ஏற்றபடி வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். எட்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்த 45 வயது முதுகு, பதினைந்து வயதுப் பையனுக்கு அமைத்த வரிசையில் திணறினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் சிறுவயதில் அடுத்தடுத்து நோயில் கிடந்தவர். அறுபது வயதில், 1979-ல், ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டு, வந்த ஆசனங்களை எல்லாம் இழந்து அடிப்படையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நாற்காலி, கயிறு, கட்டை, போர்வை ஆகியவற்றைப் பயிற்சிக்குள் முறையாகக் கொண்டுவந்தவரும் அவரே. ஆகவே சுவரைப் பிடிக்கத் தயங்காதீர்கள். ஒப்பிட வேண்டுமென்றால் நோட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய பக்கம் இருக்கிறது.

படி 6: வராத ஆசனத்தைப் பிரித்துப் போடுங்கள்

பச்சிமோத்தானாசனத்தை எடுத்துக்கொள்வோம். காலை நீட்டி உட்கார்ந்து குனிகிறீர்கள், விரல் கெண்டைக்காலோடு நின்றுவிடுகிறது. வருடமாக அங்கேயேதான். எல்லோரும் பின்தொடை இறுக்கம் என்பார்கள். இருக்கலாம், ஆனால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் குனியாமல் உட்காருங்கள். வயிறு உள்ளே சரிந்து முதுகு கூன் விழுகிறதா? அப்படியானால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. அந்த நிலையில் குனிந்தால் கீழ்முதுகுதான் வளையும். மடித்த போர்வை இரண்டின் நுனியில் ஏறி உட்காருங்கள். இப்போது முதுகு தானாக நிமிர்ந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. நிமிரவில்லை என்றால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அடியில் தலையணை கொடுங்கள். மடக்கியதும் நன்றாகக் குனிய முடிந்தால் தடை பின்தொடையில். மடக்கியும் முடியவில்லை என்றால் தடை முதுகிலோ, இடுப்பு மடங்கும் இடத்திலோ, வயிற்றிலோ இருக்கிறது. தொப்பை தடுத்தால் காலை இடுப்பகலத்துக்கு விரித்து வையுங்கள், வயிறு நடுவில் இறங்க இடம் கிடைக்கும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தடை பின்தொடைதான் என்று தெரிந்துவிட்டால், மூன்று வாரத்துக்குப் பச்சிமோத்தானாசனத்தைத் தொடாதீர்கள். மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துண்டை மாட்டி, காலை மேலே நீட்டுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து மூச்சு, இரண்டு முறை. இழுப்பு பத்தில் ஐந்து அளவுக்கு மேல் போகக்கூடாது. மூச்சை உள்ளிழுக்கும்போது குதிகாலால் துண்டை லேசாகத் தள்ளுங்கள், விடும்போது தளருங்கள். நீட்சியை எவ்வளவு தூரம் ஆபத்தில்லை என்று நரம்பு மண்டலம் ஒப்புக்கொள்கிறதோ அவ்வளவுதான் தசை விடும். பயமுறுத்தினால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான்காவது வாரம் மறுபடி உட்கார்ந்து பாருங்கள்.

குந்தி உட்காரும் மலாசனத்தில் குதிகால் எழும்பினால் அதன் அடியில் சுருட்டிய துண்டு, கணுக்காலுக்குத் தனிப் பயிற்சி. கையால் உடம்பைத் தாங்கும் ஆசனங்களில் மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஊன்றிச் செய்யுங்கள். வழி ஒன்றே: முழு ஆசனத்தை ஒதுக்கிவைத்து, சிக்கியிருக்கும் துண்டை மட்டும் மூன்று வாரம் வேலை வாங்குவது. ஒரே நேரத்தில் ஒரு துண்டுதான்.

படி 7: மூச்சும் பயமும்

பிராணாயாமத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் சிக்கியவர்கள். திருமந்திரம் 16 மாத்திரை (கால அளவு) இழுத்து, 64 நிறுத்தி, 32 விடச் சொல்கிறது என்று படித்துவிட்டு முதல் மாதத்திலேயே அதைப் பிடிப்பார்கள். படபடப்புதான் மிஞ்சும். அது குருவின் அருகில் பல காலம் பழகி எட்ட வேண்டிய அளவு. நீங்கள் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், நடுவில் நிறுத்தவே வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். ஒரு மாதம் எந்தத் திணறலும் இல்லாமல் பத்து நிமிடம் வந்த பிறகு ஐந்து, ஏழு என்று கூட்டலாம்.

கண்ணை மூடியதும் நெஞ்சு அடைப்பவர்கள் உண்டு, சவாசனத்தில் காரணம் தெரியாமல் அழுபவர்களும் உண்டு. அழுகை வந்தால் வரட்டும், ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடப் பயமாக இருந்தால் திறந்தே வைத்து, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறுகிறது என்றால் அதை விட்டுவிட்டு, தரையைத் தொடும் குதிகால், முதுகு, தலை என்று உடம்பின் எடையைக் கவனியுங்கள். பதற்றம் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், பல்வலிக்குப் பல் மருத்துவரிடம் போவதைப் போல.

படி 8: விட்டுப்போன பிறகு திரும்புவது

பிரசவம், அறுவைச்சிகிச்சை, வீட்டில் ஒரு சாவு, ஊர் மாற்றம். எல்லோருக்கும் விட்டுப்போகும். திரும்பி வரும் முதல் நாளில் பழைய இடத்திலிருந்து தொடங்குவதால்தான் இரண்டாம் நாள் நின்றுபோகிறது. நான் வகுப்பில் சொல்லும் கணக்கு: முதல் வாரம் பழைய நேரத்தில் பாதி, நின்று செய்யும் எளிய ஆசனங்களும் சவாசனமும் மட்டும். இரண்டாம் வாரம் உட்கார்ந்து செய்பவற்றைச் சேருங்கள். தலைகீழ் ஆசனங்களும் ஆழமான பின்வளைவுகளும் ஒரு மாதத்துக்குப் பிறகு. பிரசவத்துக்கும் அறுவைச்சிகிச்சைக்கும் பிறகு இந்தக் கணக்கெல்லாம் மருத்துவர் சரி என்று சொன்ன தேதியிலிருந்துதான் தொடங்கும்.

சிக்குன்குனியா வந்து போனவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கும், காலையில் விரலே மடங்காது. உங்கள் பயிற்சியை மாலைக்கு மாற்றுங்கள். சூரிய நமஸ்காரம் வேண்டாம், மணிக்கட்டும் கணுக்காலும் தாங்காது. நாற்காலியில் உட்கார்ந்து விரல், மணிக்கட்டு, தோள், கணுக்கால் ஒவ்வொன்றையும் வலிக்காத எல்லைக்குள் எட்டு முறை சுழற்றுங்கள், பிறகு நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடும் அந்த மூச்சு. வீக்கம் இருக்கும் மூட்டை அன்றைக்குத் தொடாதீர்கள். விரலை மடக்கி முஷ்டி பிடிக்க முடிந்த நாளை நோட்டில் குறித்துவையுங்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் கழித்து, சுவரில் கை ஊன்றி நின்று பாருங்கள். தரையில் ஊன்றுவது அதற்கும் பிறகு.